லோடர் நெற்றியில் ஒரு பொட்டு

அத்தியாயம் 7

“செத்துப் போச்சா, இல்ல செத்த மாதிரி நடிக்குதா?” என்று கேட்டார் பரசுராமன் மாமா, ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே.

பிள்ளையார்பாளையத்தின் அந்தக் குறுகிய தெருவை ஒரு மஞ்சள் லோடர் முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. வாளி நிறைய மண். பக்கத்தில் கால்வாய் தோண்டிப் போட்ட மேடு, பாதி அள்ளியது, பாதி அள்ளாதது. சாயங்காலம் சாமி புறப்பாடு இந்தத் தெரு வழியாகத்தான் வர வேண்டும். சாமியைத் தோளில் வைத்துக்கொண்டு லோடர் மேல் ஏறி இறங்க யாராலும் முடியாது.

நான் எஸ்தர். பி.இ. மெக்கானிக்கல். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குள் படிக்கப் போன முதல் ஆள். எனக்கு முன்னால் போனவர்கள் அதே காலேஜுக்குச் சுவர் கட்டப் போனவர்கள். படித்து முடித்து வேலைக்குப் போன இடத்தில், “மெஷின் பக்கம் வேணாம்மா, ரிசப்ஷன்ல உக்காரு” என்றார்கள். உட்காரவில்லை. இப்போது நின்றுபோன பெரிய வண்டிகள் ஏன் நின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தொழில். ரிப்பேர் செய்ய ஊரில் ஆயிரம் கை இருக்கிறது. எதை ரிப்பேர் செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு போனதும் வண்டியை விட்டார், வாயை விடவில்லை. வயதில் பெரியவர், வேலையில் என் அசிஸ்டென்ட். இந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்கிறது. ஊருக்குத்தான் பிடிக்கவில்லை.

எங்களைக் கூப்பிட்டவன் லோடர் ஓட்டும் மணிவண்ணன். நிழல் இருந்தும் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். நிழல் இருந்த இடத்தில் முதலாளி கலியாணசுந்தரம் நாற்காலி போட்டிருந்தார். பட்டுக்கடை, நெசவுத் தறிகள், அதோடு வாடகைக்கு விடும் மண் வண்டிகள். மூன்றுக்கும் ஒரே முதலாளி, ஒரே முறைப்பு.

“நீதான் எஸ்தரா? எந்தப் பக்கம்மா நீ?”

ஊரைக் கேட்கவில்லை அவர். எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

“வண்டி எந்தப் பக்கம் போவணும், அத சொல்லுங்க சார். எனக்கு அது போதும்.”

மாமா கூலிங் கிளாஸைத் துடைத்தார். சிரிப்பை மறைக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி அது.

“முன்னாலயும் போவல, பின்னாலயும் போவல,” என்றார் கலியாணசுந்தரம். “காலைல நல்லா ஓடிச்சி. இவன் டீ குடிக்கப் போனான். வந்து ஸ்டார்ட் பண்ணான். எஞ்சின் ஓடுது, வாளி தூக்குது, வண்டி மட்டும் நகரல. நடுவுல ஒருத்தரும் வண்டியத் தொடல. இவனுக்கு வெளிநாட்டுல வேல கெடச்சிருக்குது. போற போக்குல என் கியர் பாக்ஸுக்கு வேட்டு வெச்சிட்டான்.”

“நான் எதுக்கு எஸ்தரு அப்டி பண்றேன்?” என்றான் மணிவண்ணன். “பாஸ்போர்ட்டுக்கு நாளைக்குப் போலீஸு வெரிஃபிகேஷன் வர்றாங்க. இன்னிக்கு இவரு என் பேர்ல கம்ப்ளைன்ட் குடுத்தா நான் எங்க போவேன்?”

கலியாணசுந்தரத்தின் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை தட்டிக் காட்டினார். “சாமி வர்றதுக்குள்ள வண்டி நகரணும். இல்லன்னா இது ஸ்டேஷனுக்கு நகரும்.”

பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் ஆனந்தகுமார். ஊருக்கு வெளியே பெரிய ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். இஸ்திரி போட்ட சட்டையில் கிரீஸ் வாசனைகூடக் கிடையாது. “முன்கியர் பிளேட்டு, பின்கியர் பிளேட்டு, ரெண்டும் போச்சு. பாக்ஸ இறக்கணும். கிரேனுக்குச் சொல்லிட்டேன்.”

“தொறந்து பாத்தீங்களா?”

“பாக்கவே வேணாம்மா. அனுபவம்.”

“ஜோசியரும் இதத்தான் சொல்றாரு,” என்றார் மாமா.

உள்ளேயிருந்து காபி வந்தது. கொண்டுவந்தவர் முதலாளியின் மனைவி தையல்நாயகி. புறப்பாட்டுக்காக அரக்கு நிறத்தில் புதுப் பட்டுப் புடவை. வெயில் பட்டு ஜரிகைக் கரை கண்ணைப் பறித்தது. ஆனந்தகுமாருக்கு டபரா டம்ளர். எனக்கும் மாமாவுக்கும் பேப்பர் கப். மணிவண்ணனுக்கு எதுவுமில்லை. அந்த அம்மா முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழக்கம்தான். பழக்கம் என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கப்பை மதில் மேல் வைத்துவிட்டு வண்டிக்குப் போனேன்.

இந்த மாதிரி லோடரில் கிளட்சை மிதித்துக் கியர் போடும் வேலை கிடையாது. கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம்தான் தட்டுகளை இறுக்கிப் பிடித்து வண்டியை நகர்த்தும். முன்னால் போக ஒரு கட்டுத் தட்டு, பின்னால் போக இன்னொரு கட்டு. பவர் ஷிஃப்ட் என்பார்கள். லிவரைத் தள்ளினால் கரன்ட் ஒரு வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே ஓடும். அவ்வளவுதான் கதை. எண்ணெய் வரவில்லையா, கரன்ட் வரவில்லையா, தட்டு செத்துவிட்டதா. சந்தேகப்பட வேண்டிய ஆசாமிகள் மூன்றே பேர்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். எண்ணெய் அளவுக்கம்பியை உருவி மாமாவின் மூக்கருகே நீட்டினேன்.

“அளவு சரி. நெறம் சரி,” என்றார். “கருகுன வாசன இல்ல. நம்ம வீட்டு ரசம் இதவிட மோசமா இருக்கும்.”

“தட்டு தேஞ்சு செத்தா எண்ணெய் கருத்து நாறும் சார்,” என்றேன் ஆனந்தகுமாரிடம். “ஒரு கட்டு சாகலாம். ஒரு டீ குடிக்கிற நேரத்துல ரெண்டு கட்டும் சேந்து சாவுமா? அதுவும் நாத்தமே இல்லாம?”

அவர் டம்ளரில் மிச்சமிருந்த நுரையைப் பார்த்தார்.

அடுத்தது அழுத்தம். கேஜை மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஒழுங்காக ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

“எண்ணெய் வாசல் வரைக்கும் வந்து நிக்குது மாமா. யாரோ கதவத் தொறக்கல.”

“அப்போ வாட்ச்மேன விசாரிப்போம்.”

எஞ்சினை அணைத்தேன். சாவியை மட்டும் ஆனில் வைத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். மாமா வண்டியின் பக்கவாட்டில் குனிந்து ஸ்க்ரூ டிரைவர் முனையை வால்வின் மூக்கருகே பிடித்தார். கரன்ட் வந்தால் அது காந்தமாகி இரும்பை இழுக்கும். லேப் தேவையில்லை, லேப்டாப் தேவையில்லை.

சீட்டுக்கு முன்னால் வழக்கமான அலங்காரம். மீட்டர்களுக்கெல்லாம் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஹேண்ட் பிரேக் கம்பியில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. இந்த ஊரில் இது இல்லாத வண்டி எது? பழத்தை முழங்காலால் ஒதுக்கிவிட்டு ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கினேன். லிவரை முன்னால் தள்ளினேன்.

“ஒட்டுதா மாமா?”

“ஒட்டல.”

பின்னால் இழுத்தேன். “இப்போ?”

“சொந்தக்காரங்க மாதிரி பக்கத்துலயே இருக்குது, ஒட்ட மாட்டேங்குது.”

ஆக, தட்டு குற்றவாளி இல்லை. எண்ணெய் குற்றவாளி இல்லை. கரன்ட்டைத்தான் யாரோ நடுவழியில் மறித்திருக்கிறார்கள். ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆசாமி: ஹேண்ட் பிரேக். அது போட்டிருக்கும்போது வண்டி கிளம்பி பிரேக்கைத் தேய்த்துவிடக் கூடாது என்று, அதன் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். பிரேக் போட்டால் அந்த ஸ்விட்ச் வண்டியின் உடம்போடு சேர்ந்து, ‘யாரையும் உள்ளே விடாதே’ என்று சொல்லிவிடும்.

ஆனால் பிரேக்கை நான்தான் இறக்கிவிட்டேன். வண்டி இன்னும் போட்டிருப்பதாக நினைத்தால் டேஷ் போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எங்கேயும் சிவப்பு விளக்கு இல்லை.

என் முகத்தைப் படித்த ஆனந்தகுமார் கால் மேல் கால் போட்டார். “நான் சொல்லல? கிரேன் வந்துக்கினு இருக்குது.”

கலியாணசுந்தரம் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். மணிவண்ணன் என்னையே பார்த்தான்.

இறங்கி வந்தேன். “கடைசியா ஒண்ணு கேக்குறேன். மணி டீக்கடைக்குப் போனப்போ வண்டிய யாராவது தொட்டாங்களா?”

“இல்ல,” என்றார் முதலாளி. “நான் இங்கதான் உக்காந்துக்கினு இருந்தேன்.”

“சாவி என்கிட்ட இருந்திச்சி,” என்றான் மணிவண்ணன். “யாரும் தொடல.”

“ஒருத்தரும் தொடல கண்ணு,” என்றார் தையல்நாயகி. “நானும் வாசல்லயேதான் இருந்தேன்.”

மூன்று முகத்திலும் பொய்யின் சாயல்கூட இல்லை. பொய் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு முழங்கை அரிக்கும். அரிக்கவில்லை.

“எல்லாரும் உண்மையப் பேசுறாங்க,” என்றார் மாமா. “வண்டிதான் பொய் சொல்லுது. அதுங்கிட்டயே போயி கேக்குறேன்.” சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவி இன்னும் ஆனில்தான் இருந்தது. டேஷ் போர்டை ஒரு கிழவியின் நெற்றியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பாவம், இதுக்கு வெச்ச பொட்டுல ஒண்ணு எடம் தவறிப் போச்சு.”

“எது?”

“எல்லாப் பொட்டும் மீட்டரு கண்ணாடி நடுவுல இருக்குது. இது மட்டும் மீட்டரே இல்லாத எடத்துல, ஓரமா.”

நான் வண்டிக்குத் தாவிய வேகத்தில் மாமாவின் காலை மிதித்துவிட்டேன். அந்தப் பொட்டுக்கு இரண்டு கையாலும் நிழல் கட்டிப் பார்த்தேன். குங்குமத்தைச் சுற்றி, சந்தனத்தின் விளிம்பில், மெலிசாக ஒரு சிவப்பு வெளிச்சம்.

நகத்தால் சுரண்டினேன். ஹேண்ட் பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“அடப்பாவி,” என்றார் மாமா. “காலைலேர்ந்து கத்திக்கினு இருந்திருக்குது. வாயில சந்தனத்த வெச்சி அடைச்சிட்டாங்க.”

பிரேக் இறங்கியிருக்கிறது. வண்டியோ போட்டிருப்பதாக நினைக்கிறது. குனிந்து கம்பியின் அடியைப் பார்த்தேன். ஸ்விட்சை மூடும் ரப்பர் உறை கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் கட்டியிருந்த இழையின் நீண்ட வால் அந்தக் கிழிசலுக்குள் போயிருந்தது. டார்ச் அடித்ததும் உள்ளே தங்கமாக மின்னியது. ஸ்விட்சின் முனையையும் வண்டியின் உடம்பையும் அந்த இழை ஒரு பாலம் மாதிரி இணைத்துக்கொண்டிருந்தது.

இடுக்கியால் வெளியே இழுத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. மாமா ஸ்க்ரூ டிரைவரோடு கீழே ஓடினார். லிவரைத் தள்ளினேன்.

“ஒட்டிக்கிச்சி,” என்றார் கீழேயிருந்து. “புது மாப்ள மாதிரி ஒட்டிக்கிச்சி.”

மணிவண்ணன் தரையில் குந்தி உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவன் நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

“பாத்தீங்களா, பாத்தீங்களா,” கலியாணசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “உள்ள ஒயர சொருகி வெச்சிருக்கான். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? கியர் பாக்ஸ உடைச்சிருந்தாகூட விதின்னு விட்டிருப்பேன். இது திட்டம் போட்டு செஞ்சது.” போனை எடுத்து ஸ்டேஷனுக்கு நம்பர் தேட ஆரம்பித்தார்.

வேடிக்கை பார்க்க வந்த தறிக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். ஆளைக் காப்பாற்ற வந்த நானே அவன் கையில் விலங்கை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

“ஒரு நிமிஷம் சார். இது ஒயர் இல்ல.”

இழையை உள்ளங்கையில் வைத்து மல்ட்டி மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஓரத்தில் தொட்டேன். பீப் என்றது. நுனியைப் பிரித்துக் காட்டினேன். தங்க நிறத்துக்குள்ளே சிவப்புப் பட்டு நூல். “ஜரிகை. அசல் வெள்ளி இழை. பட்டு மேல வெள்ளியச் சுத்தி, அது மேல தங்க முலாம் குடுத்தது. வெள்ளியில கரன்ட் சும்மா ஓடும். இந்த ஸ்விட்சுல ஓடுற கரன்ட் ரொம்பக் கொஞ்சம், அதனால இழை கருகவும் இல்ல.”

“இருக்கட்டுமே. அவன்தான் திருடி வெச்சிருக்கான்.”

“மணி, ஒரு கயிறு அறுந்தா நீ இன்னா பண்ணுவ?”

“முடிச்சு போடுவேன்.” அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இதுல முடிச்சே இல்ல.” இழையின் நடுப்பகுதியை உயர்த்திப் பிடித்தேன். “ரெண்டு துண்டு ஜரிகை. நீளம் பத்தலன்னு ஒண்ணோட ஒண்ணு வெச்சி விரலால முறுக்கியிருக்காங்க. தறியில புதுப் பாவு நூல பழைய பாவு நூலோட பிணைக்கிற மாதிரி.”

சுற்றி நின்ற தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தலையாட்டினார். மணிவண்ணன் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் தறிக்குழியில் இறங்கியதில்லை. இறங்க விட்டதும் இல்லை.

நான் கேள்வியை மாற்றினேன். காலையிலிருந்து எல்லாரும் கேட்டதும் நான் கேட்டதும் தப்பான கேள்வி.

“வண்டிக்குப் பூஜை போட்டது யாரு?”

“நான்தான்,” என்றார் தையல்நாயகி, உடனே, சாதாரணமாக. “இன்னா இப்போ?”

கலியாணசுந்தரத்தின் விரல் போன் மேலேயே நின்றது.

“யாரும் தொடலன்னு சொன்னீங்களேம்மா.”

“தொடலயே. பூஜதானே போட்டேன்.” அவர் எங்களைச் சிறுபிள்ளைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “சாமி வர்ற தெருவு. பூஜ போடாம வேலய ஆரம்பிச்சிட்டாங்க. இந்தத் தம்பி டீ குடிக்கப் போனதும் ஏறி, வட்டமா கண்ணு மாதிரி இருந்ததுக்கெல்லாம் பொட்டு வெச்சேன். பழம் கட்ட நூலு இல்ல. சாமி காரியத்துக்குக் கண்டதையும் கட்டலாமா? எங்கப்பா தறியில மிஞ்சின ஜரிகை ரெண்டு துண்டு பூஜ ரூம்ல இருந்திச்சி, அதப் பிணைச்சிக் கட்டுனேன்.”

“நீங்க பாக்கலயா சார்?” என்றேன் முதலாளியிடம்.

“பாத்தேன்.” குரல் இறங்கியிருந்தது. “பூஜய போயி...”

“நானும் வந்ததும் பாத்தேன்,” என்றான் மணிவண்ணன். “பூஜ போட்டத எவனாவது வண்டியத் தொட்டதுல சேப்பானா?”

நான் மட்டும் சேர்த்தேனா? அந்தப் பழத்தை முழங்காலால் ஒதுக்கிவிட்டவள்தானே.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, கலியாணசுந்தரத்தின் மீசை இறங்க மறுத்தது. “அந்த ரப்பர் கிழிஞ்சிருந்தத இவன் ஏன் சொல்லல? அதுவும் குத்தம்தான். கம்ப்ளைன்ட் குடுக்கத்தான் போறேன்.”

“மூணு தடவ சொன்னேன் மொதலாளி. ‘ரப்பருக்கு ஒரு செலவா’ன்னீங்க.”

“பேசாதடா.”

எனக்குக் காது சுட்டது. வாயைத் திறப்பதற்குள் தையல்நாயகி நடுவில் வந்தார். அவர் பார்வை என் கையிலிருந்த மீட்டர் மேலேயே இருந்தது.

“அது ஏன் கண்ணு கத்துச்சி? ஜரிகைன்னா கத்துமா?”

“வெள்ளியோ செம்போ இருந்தா கத்தும்மா. பிளாஸ்டிக்கா இருந்தா கத்தாது.”

“நல்லாருக்குதே.” முந்தானையை இழுத்து நீட்டினார். “இதுல வெய்யி. புறப்பாட்டுக்குன்னு இவரே கடையிலேர்ந்து எடுத்துக்கினு வந்து குடுத்தாரு. சுத்த ஜரிகை.”

“அதெல்லாம் எதுக்கு இப்போ,” என்றார் கலியாணசுந்தரம், ரொம்ப வேகமாக.

ஒரே இழையின் மேல் இரண்டு முனைகளையும் வைத்தேன். மீட்டர் கத்தவில்லை. வேறு இழை. கத்தவில்லை. கரை, பூ, மயில். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

“பேட்டரி போயிருக்கும்,” என்றார் முதலாளி.

மாமா எலுமிச்சம்பழத்து இழையை நீட்டினார். பீப். புடவை. அமைதி. இழை. பீப்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்குது மொதலாளி,” என்றார் மாமா. “மயிலுக்குத்தான் தொண்ட கட்டிக்கிச்சி.”

தறிக்காரர்களில் யாரோ இருமினார். இருமல் மாதிரி இல்லை அது.

“கடை பக்கத்துலதானே சார்?” என்றேன். “ஸ்டேஷனுக்குப் போற வழிதான். அங்க இருக்குற புடவைக்கும் வெச்சிப் பாத்துட்டு, ரெண்டு கம்ப்ளைன்ட்டயும் ஒண்ணாவே குடுத்துடலாம்.”

தையல்நாயகி கணவன் பக்கம் திரும்பி, கையை நீட்டினார்.

“அந்தக் காயிதத்த இங்க குடுங்க.”

“இல்ல, நான் வந்து...”

“குடுங்க. புடவையப் பத்தி வீட்டுக்குள்ள பேசிக்கலாம்.”

கொடுத்தார். அந்த அம்மா அதை நான்காகக் கிழித்து மண் மேட்டில் போட்டார். “தம்பி, மொதல்ல இத அள்ளு,” என்றார் மணிவண்ணனிடம். “சாமி வந்துடும்.”

ஆனந்தகுமார் தெருக்கோடிக்குப் போய், கிரேன்காரனிடம் யாருக்கும் கேட்காத குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

நான் கிழிந்த ரப்பரின் மேல் டேப் சுற்றினேன். பழத்தைக் கண்ணாடிக் கம்பியில், சணல் கயிற்றில் கட்டினேன். கட்டையை எடுத்ததும் மணிவண்ணன் லிவரைத் தள்ளினான். லோடர் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு நடந்தது. மேடு கரைந்தது. தூரத்தில் நாயனம் கேட்க ஆரம்பித்தபோது தெரு, கோலம் போடும் அளவுக்குத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

தையல்நாயகி மறுபடி காபி கொண்டுவந்தார். புடவை மாற்றியிருந்தார், பழைய புடவை. தட்டில் இரண்டு டபரா டம்ளர். பேப்பர் கப் இல்லை.

நான் எடுக்கவில்லை. “இன்னொண்ணு வேணும்மா.”

“மூணாவது யாருக்கு?”

நான் வண்டியைப் பார்த்தேன். மணிவண்ணன் அப்போதுதான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தட்டை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். வர நேரமானது. வந்தபோது கையில் மூன்றாவது டம்ளர் இருந்தது, அதே எவர்சில்வர், அதே அளவு. அதை அவரே மணிவண்ணன் கையில் கொடுத்தார்.

அவன் வாயருகே கொண்டுபோனான்.

“இரு,” என்றார் மாமா. மீட்டரை எடுத்து இரண்டு முனைகளையும் அவன் டம்ளரின் விளிம்பில் வைத்தார்.

பீப்.

“ஒரிஜினல்தான்பா. குடி.”